நாடுகாண் பயணக் கப்பல்

நாடுகாண் பயணக் கப்பல் (எக்ஸ்பெடிஷன் குரூஸ் கப்பல்) என்பது, பெரிய துறைமுக வசதிகள் இல்லாத கரைகளுக்கும் தீவுகளுக்கும் துருவப் பகுதிகளுக்கும் பயணிகளை அழைத்துச் செல்வதற்காக வடிவமைக்கப்படும் சிறிய பயணிகள் கப்பல் ஆகும். ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் சொகுசுக் கப்பல்களில் கப்பலே பயணத்தின் மையமாக உள்ளது. நாடுகாண் பயணக் கப்பல்களில் கரையிறங்கிப் பார்ப்பதே பயணத்தின் நோக்கமாகும். இவ்வகைக் கப்பல்கள் பொதுவாக 70 முதல் 150 மீட்டர் வரை நீளம் கொண்டவை. இவற்றில் பெரும்பாலானவை 100 முதல் 300 வரையான பயணிகளையே ஏற்றிச் செல்கின்றன.

இத்தகைய கப்பலொன்றைச் சுற்றுச்சூழலுக்கு இயன்ற அளவு தீங்கு விளைவிக்காத வகையிலும், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல்களைக் கடந்த வழித்தடக் கப்பல்களின் (லைனர்) தோற்றத்திலும் வடிவமைப்பது கப்பல் கட்டமைப்பியலில் ஆர்வத்துக்குரிய ஒரு சிக்கலாகும். பெரிய கப்பல்கள் கரையை அணைய முடியாத புதுச்சேரி, இச்சிக்கலின் எல்லாக் கூறுகளையும் விளக்குவதற்கு ஏற்ற இடமாகும்.

தோற்றம்

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் சுற்றுலா நிறுவனம் நடத்திய லார்சு எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 1966ஆம் ஆண்டில் பயணிகள் குழுவொன்றை அண்டார்க்டிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அப்போது வாடகைக் கப்பலே பயன்பட்டது. பின்னர் இத்தகைய பயணங்களுக்கென்றே "லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்" என்னும் கப்பல் பின்லாந்தில் கட்டப்பட்டு 1969இல் சேவைக்கு வந்தது. ஏறத்தாழ 73 மீட்டர் நீளம் கொண்ட இக்கப்பலில் சுமார் 100 பயணிகள் செல்ல முடிந்தது. பயணிகளைக் கரைக்குக் கொண்டுசெல்லக் காற்றடைத்த ரப்பர் படகுகள் பயன்பட்டன. இப்படகுகளைத் தயாரித்த பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரால் இவை இன்றும் "சோடியாக்" என்றே அழைக்கப்படுகின்றன.

1984ஆம் ஆண்டில் இக்கப்பல் வடமேற்குப் பெருவழியைக் கடந்த முதற் பயணிகள் கப்பல் என்ற பெயரைப் பெற்றது. 2007 நவம்பர் 23ஆம் நாள் அண்டார்க்டிக்காவுக்கு அருகில் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளிலும் சோடியாக் படகுகளிலும் காத்திருந்து, "நோர்ட்நோர்கே" என்னும் நோர்வே நாட்டுக் கப்பலால் காப்பாற்றப்பட்டனர்.

அண்டார்க்டிக்காவில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் ஓரிடத்தில் கரையிறங்கக் கூடாது என்பதும், 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் எவரையும் கரையிறக்கக் கூடாது என்பதும் விதிகளாகும். அங்கு கனரக எரியெண்ணெய் 2011 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. கரை எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் கொண்டு கப்பலின் அளவை முடிவு செய்யும் வழக்கத்துக்கு இவ்விதிகள் வலுச் சேர்த்தன.

புதுச்சேரிக் கரை

திறந்த கடற்றுறை

பிரெஞ்சுக்காரர் 1674ஆம் ஆண்டில் புதுச்சேரியில் நிலைகொண்டனர். இங்கு கப்பல்களுக்குப் புகலிடமாக இயற்கை விரிகுடா எதுவும் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. கப்பல்கள் வந்த செய்திகளையும் அவற்றை வரவேற்க முழங்கிய பீரங்கிகளையும் 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணலாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த நங்கூர இடம் ஆபத்தானது. 1761 ஜனவரி முதல் நாள் வீசிய புயலில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் பல போர்க்கப்பல்கள் அழிந்தன. ஆயினும் முற்றுகை நீங்கவில்லை. அதே மாதத்தில் நகரம் சரணடைந்தது.

நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தவை சலங்கு எனப்பட்ட படகுகளாகும். இவற்றை ஆங்கிலேயர் மசூலா படகு என்றனர். இவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. உள்ளே விலாச்சட்டங்களும் இல்லை. இதனால் கரையில் உடையும் அலைகளின் அடியை இப்படகுகள் வளைந்து கொடுத்துத் தாங்கின. விறைப்பான ஐரோப்பியப் படகுகளோ அவ்வலைகளில் உடைந்து போயின. கரையின் இயல்புக்கேற்பக் கலத்தை அமைப்பது என்னும் கொள்கைக்குச் சலங்குப் படகு பழைய எடுத்துக்காட்டாகும்.

இறங்குபாலங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெசாழரி மரித்தீம் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் புதுச்சேரியைத் தொட்டுச் சென்றன. 1866இல் கடலுக்குள் நீளும் இரும்பு இறங்குபாலம் அமைக்கப்பட்டது. இதன் முனையும் பெரிய கப்பல்கள் அணையப் போதுமான ஆழத்தை எட்டவில்லை. எனவே படகுகள் கப்பலுக்கும் பாலத்துக்கும் இடையே ஓடின. 1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து "டூப்ளே" என்னும் நீராவிக் கப்பலில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

இரும்புப் பாலம் 1952இல் புயலால் அழிந்தது. அதன் தூண்களின் எச்சங்கள் காந்தி சிலைக்கு எதிரே கடலில் காணப்படுகின்றன. இதற்குத் தெற்கே 1960களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட புதிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சு மாதத்தில் இடிந்து விழுந்தது.

துறைமுகமும் கடலரிப்பும்

1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுடன் புதிய துறைமுகம் அமைக்கப்பட்டது. சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டுதோறும் பல லட்சம் கனமீட்டர் மணலைக் கரையோரமாக நகர்த்துகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் செல்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிகுதி வடக்கு நோக்கியதாகும். அலைதடுப்புச் சுவர்கள் இந்த மணலை மறித்தன. தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே நகரத்தின் மணற்கரை தேய்ந்து மறைந்தது.

தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவது துறைமுகத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அது தொடர்ந்து நடைபெறவில்லை. கரையைக் காக்கக் கொட்டப்பட்ட பாறைகள் அரிப்பை மேலும் வடக்கே தள்ளின. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய மீனவர் ஊர்கள் கரையை இழந்தன. கட்டுமரத்தையும் நாரிழைப் படகையும் மணலில் ஏற்றி வைப்போருக்கு மணற்கரை என்பது காட்சிப் பொருள் அன்று. அதுவே அவர்களது துறைமுகமாகும்.

2018ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவிலான எஃகுத் திட்டு ஒன்றை நிறுவியது. அதன் பின்னர் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது.

கப்பலுக்காகக் கரையை மாற்றுவதற்கு உள்ள விலையை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. கரையை மாற்றாமல் அதற்கேற்ற கப்பலை வடிவமைப்பது மறுவழியாகும்.

வடிவமைப்பு

அளவும் அமிழ்வு ஆழமும்

நீர்மட்டத்திலிருந்து கப்பலின் அடிப்பகுதி வரையுள்ள ஆழம் அமிழ்வு ஆழம் எனப்படும். இது குறைவாக இருந்தால் கப்பல் கரைக்கு நெருக்கமாக வர முடியும். ஆனால் இதனை விரும்பியவாறு குறைக்க முடியாது. எடுத்துக்காட்டாக, 90 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் 4 மீட்டர் அமிழ்வு ஆழமும் கொண்ட கப்பல் சுமார் 3,500 டன் நீரை இடம்பெயர்க்கும். அதே எடையை 3 மீட்டர் அமிழ்வு ஆழத்தில் மிதக்கவிட வேண்டுமாயின், அகலம் 21 மீட்டருக்கு மேல் தேவைப்படும். அகலம் கூடினால் நீரின் தடையும் கூடும். கப்பல் சாய்ந்து மீளும் வேகம் அதிகரித்து, பயணிகளுக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும் ஏற்படும். எனவே எடையைக் குறைப்பதே அமிழ்வு ஆழத்தைக் குறைப்பதற்கான முதல் வழியாகும். மேல்தளக் கட்டமைப்புகளை அலுமினியத்தால் அமைப்பதும், நீச்சல் குளம் போன்ற கனமான வசதிகளைத் தவிர்ப்பதும் இதற்கு உதவும்.

ஆற்றுக் கப்பல்களில் இந்த எல்லை வேறுபடும். 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து திப்ருகருக்குப் புறப்பட்ட "கங்கா விலாசு" 62 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் அமிழ்வு ஆழம் 1.4 மீட்டர் மட்டுமே. அலையற்ற ஆற்றுக்கு ஏற்ற இந்த வடிவம் வங்காள விரிகுடாவின் அலைகளுக்குப் பொருந்தாது.

கரையிறக்கம்

திறந்த கடலில் நிற்கும் கப்பலிலிருந்து படகில் இறங்குவதே பயணத்தின் மிக ஆபத்தான கட்டமாகும். கப்பலும் படகும் வெவ்வேறு வேகத்தில் ஏறி இறங்குவதே இதற்குக் காரணம். இதற்காகக் கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கதவும் படிமேடையும் அமைக்கப்படுகின்றன. காற்றின் திசையைப் பொறுத்து அலை குறைந்த பக்கத்தைப் பயன்படுத்தும் பொருட்டு இவை இருபுறமும் இருத்தல் வேண்டும். கப்பல் நின்றிருக்கும்போதும் இயங்கக்கூடிய துடுப்பு நிலைப்படுத்திகள் ஆட்டத்தைக் குறைக்கின்றன. உந்துவிசைகளைக் கணினியால் கட்டுப்படுத்தி, நங்கூரமிடாமலேயே ஓரிடத்தில் நிற்கும் முறையும் உள்ளது. கடலடிப் பவளத்திட்டுகளையும் மீனவர் வலைகளையும் நங்கூரச் சங்கிலி சேதப்படுத்துவதை இம்முறை தவிர்க்கிறது. ஆனால் இதற்கு எரிபொருள் செலவாகும்.

பயணிகளின் எண்ணிக்கை கரையிறக்கத்தை நேரடியாகப் பாதிக்கிறது. பத்துப் பேர் அமரும் ஐந்து படகுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தில் ஒருமுறை சென்று திரும்புவதாகக் கொள்வோம். 100 பயணிகள் ஒரு மணி நேரத்தில் கரை சேர்வர். 1,400 பயணிகளுக்கு 14 மணி நேரம் தேவைப்படும். பெரிய கப்பல்கள் இதனால் பெரிய படகுகளையும் அவை அணையத்தக்க துறைகளையும் நாட வேண்டியுள்ளது.

இயக்கமும் எரிபொருளும்

கப்பலை இயக்கத் தேவையான ஆற்றல் வீதம் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 16 கடல் மைலிலிருந்து 12 கடல் மைலாக வேகத்தைக் குறைத்தால், தேவைப்படும் திறன் 42 விழுக்காடாகக் குறையும். பயண நேரம் கூடினாலும், அதே தொலைவுக்கான எரிபொருள் 56 விழுக்காடே ஆகும். சென்னையிலிருந்து புதுச்சேரி கடல்வழியாக ஏறத்தாழ 75 கடல் மைல் தொலைவில் உள்ளது. காரைக்கால் புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் இவ்விரு தொலைவுகளையும் பயணிகள் உறங்கும் ஓர் இரவுக்குள் கடக்கலாம். எனவே இக்கரையில் மிகுந்த வேகத்தால் பயன் ஏதுமில்லை.

இக்காலச் சிறு பயணக் கப்பல்கள் பலவற்றில் டீசல்-மின் இயக்கம் பயன்படுகிறது. பல சிறிய மின்னாக்கிகளில் தேவையானவை மட்டும் இயங்கும். மின்கலங்கள் திடீர்த் தேவைகளை ஈடு செய்யும். 2019இல் சேவைக்கு வந்த நோர்வேயின் "ரோவால்ட் அமுண்ட்சென்" மின்கலங்களுடன் கூடிய கலப்பின நாடுகாண் கப்பல்களுள் முன்னோடியாகும். 2021இல் வெளிவந்த பிரான்சின் "லெ கொமாந்தான் சார்கோ" நீர்ம இயற்கை வளிமத்தையும் மின்கலங்களையும் பயன்படுத்துகிறது.

மின்கலங்களால் மட்டும் கடற்கப்பலை இயக்குவதில் உள்ள தடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு டன் டீசலிலிருந்து ஏறத்தாழ 4.5 மெகாவாட் மணி மின்சாரம் கிடைக்கும். அதே அளவைச் சேமிக்க ஏறத்தாழ 45 டன் மின்கலத் தொகுதி தேவை. மேற்கூறிய 90 மீட்டர் கப்பலுக்கு இயக்கத்துக்கு 1,200 கிலோவாட்டும், விளக்கு, குளிரூட்டல், சமையல் முதலியவற்றுக்கு 500 கிலோவாட்டும் தேவை எனக் கொண்டால், சென்னை-புதுச்சேரிப் பயணத்துக்கு 10.6 மெகாவாட் மணி ஆற்றல் செலவாகும். இதற்கு 2.4 டன் டீசல் போதும். மின்கலமாயின் 100 டன்னுக்கு மேல் வேண்டும். 3,500 டன் கப்பலில் இவ்வெடையை ஏற்றுவது இயலாத செயல் அன்று. ஆனால் திறந்த கடலில் நிற்கும் கப்பலுக்கு மீண்டும் மின்னேற்றம் செய்யக் கரையிலிருந்து மின்வடம் வருவதில்லை. எனவே புதுச்சேரி போன்ற இடங்களில் முழு மின்கலக் கப்பல் இயங்குவதற்கு எடையைவிட இதுவே பெருந்தடையாகும். நங்கூரமிட்டிருக்கும் எட்டு மணி நேரமும் புகையும் ஓசையும் இன்றி இருப்பதற்கு 4 மெகாவாட் மணி மின்கலம் போதுமானது.

சூரிய மின்தகடுகளின் பங்கு சிறியதே. 300 சதுர மீட்டர் தகடுகள் இக்கரையின் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிலோவாட் மணி மின்சாரம் தரக்கூடும். 500 கிலோவாட் தேவையுள்ள கப்பல் ஒரு நாளில் 12,000 கிலோவாட் மணியைச் செலவிடும். ஆகவே சூரிய ஒளியால் ஈடு செய்யப்படுவது 2 அல்லது 3 விழுக்காடே. கேரளத்தில் வைக்கம்-தவணக்கடவு இடையே 2017 முதல் இயங்கும் "ஆதித்யா" என்னும் சூரியப் படகு வெற்றி பெற்றமைக்கு, அது 75 பேர் செல்லும் இலகுவான படகாக இருப்பதும், குறுகிய காயல் வழியில் மெதுவாகச் செல்வதும் காரணங்களாகும்.

கழிவும் ஒளியும்

கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் மார்பால் எனப்படுகிறது. இதன்படி, சுத்திகரிக்கப்படாத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பாலேயே வெளியேற்றலாம். குளியல், சமையல், சலவை ஆகியவற்றின் நீரை இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. சூழலுக்கேற்ற கப்பலொன்று சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகச் செய்ய வேண்டியிருப்பது இங்குதான். 150 பேர் உள்ள கப்பலில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் எனக் கொண்டால், 30 கனமீட்டர் கழிவுநீர் சேரும். மூன்று நாட்களுக்குக் கரையோரத்தில் எதையும் வெளிவிடாமல் இருக்க 90 கனமீட்டர் தொட்டி தேவை. ஆயிரக்கணக்கானோர் பயணிக்கும் கப்பலில் இத்தகைய சேமிப்பு கடினம். சிறு கப்பலில் இது இயலும்.

2020 ஜனவரி முதல் உலகெங்கும் கப்பல் எரியெண்ணெயில் கந்தகத்தின் அளவு 0.50 விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும். கனரக எண்ணெயை முற்றிலும் தவிர்த்து இலகு டீசலைப் பயன்படுத்தினால், விபத்து நேர்ந்தாலும் மணற்கரையில் தார்போலப் படியும் கசிவு ஏற்படாது.

சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் ஒளியை நோக்கிச் செல்லும் இயல்பு கொண்டவை. எனவே தளவிளக்குகளை மறைப்புடன் கீழ்நோக்கி அமைப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது.

மரபுவழித் தோற்றம்

பழைய வழித்தடக் கப்பல்களின் அழகு பெரும்பாலும் பயன்பாட்டிலிருந்து தோன்றியது. அவற்றின் கூறுகளுள் எவை இன்றும் பயன் தருவன, எவை வெறும் அலங்காரம் என்று பிரித்தறிவது வடிவமைப்பாளரின் பணியாகும்.

தள வளைவு: முன்முனையும் பின்முனையும் நடுப்பகுதியைவிட உயர்ந்திருக்கும் வளைவு, அலைநீர் தளத்தில் ஏறாமல் தடுக்கிறது. மீனவர் அணியம் என அழைக்கும் முன்முனையின் உயர்வு சிறு கப்பலுக்கு மிகவும் பயனுள்ளது. தட்டையான தளங்களைக் கட்டுவது மலிவு என்பதால் பிற்காலக் கப்பல்களில் இது கைவிடப்பட்டது.

பின்முனை: மெதுவாகச் செல்லும் கப்பலில், நீருக்குள் அமிழ்ந்த தட்டையான பின்முனை சுழல்களை உருவாக்கித் தடையைக் கூட்டும். உருண்டு மேலெழும் பழைய பின்முனை வடிவம் இவ்வேகங்களில் நீரை எளிதில் விலகச் செய்கிறது. ஆனால் நீருக்கு மேல் வெகுதொலைவு நீட்டிய பின்முனை, நங்கூரத்தில் நிற்கும்போது அலைகளால் அறையப்படும். எனவே நீட்சி குறைந்த வடிவமே பொருத்தமானது.

புகைபோக்கி: வழித்தடக் கப்பல்களில் போலிப் புகைபோக்கிகள் அரியன அல்ல. பிரான்சின் சான்-நசேர் நகரில் கட்டப்பட்டு 1935இல் சேவைக்கு வந்த "நோர்மண்டி" கப்பலின் மூன்று புகைபோக்கிகளில் ஒன்று போலியாகும். 1931இல் வந்த பி அண்டு ஓ நிறுவனத்தின் "ஸ்ட்ராத்நேவர்" கப்பலில் மூன்றில் இரண்டு போலிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவை அகற்றப்பட்டன. கலப்பினக் கப்பலில் ஒரே புகைபோக்கி, வெளியேறும் வளிமங்களைத் தூய்மைப்படுத்தும் கருவிகளையும் மின்கல அறையின் அவசரக் காற்றுவழியையும் தாங்கலாம். அப்போது அது போலியாக இராது.

வண்ணமும் நிழலும்: வெப்ப நாடுகளுக்கான பல கப்பல்கள் வெண்மையாகப் பூசப்பட்டன. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிரூட்டும் செலவைக் குறைக்கிறது. அறைதோறும் மாடம் அமைப்பதற்கு மாறாக, கூரையிட்ட பொது உலாத்தளம் அமைப்பது பழைய முறையாகும். இது கண்ணாடிப் பரப்பையும் உயரத்திலுள்ள எடையையும் குறைக்கிறது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் தெருத்திண்ணையும் தூண் வைத்த தாழ்வாரமும் செய்யும் வேலையையே இத்தளம் கப்பலில் செய்கிறது.

மின் இயக்கம்: மின் இயக்கம் புதியது என்னும் கருத்து சரியன்று. 1929இல் இந்திய வழித்தடத்துக்கெனக் கட்டப்பட்ட "வைசிராய் ஆப் இந்தியா", "ஸ்ட்ராத்நேவர்", "நோர்மண்டி" ஆகிய மூன்றும் நீராவிச் சுழலியால் மின்சாரம் உண்டாக்கி மின்னோடிகளால் இயங்கியவை. அதிர்வும் ஓசையும் குறைவு என்பது அன்று இம்முறையின் சிறப்பாகக் கூறப்பட்டது.

மர வேலைப்பாடு: பழைய கப்பல்களின் உள்ளறைகளை அழகுபடுத்திய மரப்பலகைகளே அவற்றின் பெருங்குறையும் ஆகும். மெசாழரி மரித்தீம் நிறுவனத்தின் "ஜோர்ஜ் பிலிப்பார்" என்னும் புதிய கப்பல், தூரகிழக்கிலிருந்து தன் முதற் பயணத்தில் திரும்புகையில் 1932 மே மாதத்தில் ஏடன் வளைகுடாவில் தீப்பற்றி அழிந்தது. பிரெஞ்சு இதழாளர் அல்பேர் லோந்திர் இறந்தோருள் ஒருவர். மின்கம்பிகளில் ஏற்பட்ட கோளாறே காரணம் எனக் கருதப்பட்டது. இன்றைய பன்னாட்டு விதிகளின்படி அறைச்சுவர்கள் எரியாத பொருளால் அமைய வேண்டும். மெல்லிய மரத்தகட்டை மட்டும் மேலே ஒட்டலாம். லித்தியம் மின்கலங்கள் புதிய தீ ஆபத்தைக் கொண்டுவந்துள்ளன. 2019 அக்டோபரில் நோர்வேயில் கலப்பினப் பயணப்படகு ஒன்றின் மின்கல அறையில் தீவிபத்து ஏற்பட்டது. எனவே இவ்வறைகள் தனித் தடுப்புடனும் தனிக் காற்றுவழியுடனும் அமைக்கப்படுகின்றன.

பாதுகாப்பு

120 மீட்டரோ அதற்கு மேலோ நீளம் கொண்டு 2010 ஜூலைக்குப் பின் கட்டப்பட்ட பயணிகள் கப்பல்கள், ஓர் அறை தீயாலோ வெள்ளத்தாலோ செயலிழந்தாலும் தம் சொந்த விசையால் துறை சேரக்கூடியவையாக இருக்க வேண்டும். 90 மீட்டர் கப்பலுக்கு நீளத்தைக் கொண்டு இவ்விதி பொருந்தாது. உதவிக் கப்பல்கள் தொலைவில் இருக்கும் இடங்களுக்கே நாடுகாண் கப்பல்கள் செல்வதால், எந்திர அறையை இரண்டாகப் பிரித்து அமைப்பது நல்ல நடைமுறையாகக் கொள்ளப்படுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான புயற்காலத்தில் புதுச்சேரி நங்கூர இடத்தைத் தவிர்ப்பது, எந்த வடிவமைப்பாலும் ஈடு செய்ய முடியாத பாதுகாப்பு முறையாகும்.

அண்மைக்கால நிகழ்வுகள்

2022 ஜூனில் சென்னையிலிருந்து இயங்கிய "எம்பிரசு" என்னும் சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வரத் திட்டமிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அனுமதி கிடைக்காததால் பயணிகள் கரையிறங்கவில்லை. 2025 ஜூலையில் அக்கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து வந்து கரைக்கு அப்பால் நின்றது. பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு அழைத்து வரப்பட்டனர். "நோர்மண்டி" கட்டப்பட்ட அதே சான்-நசேர் நகரில் 1990இல் கட்டப்பட்ட இக்கப்பலின் நீளம் 211 மீட்டர். சலங்குப் படகுகளின் காலத்தில் இருந்த முறையே, இயந்திரப் படகுகளுடன் மீண்டும் பயன்பட்டது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. இதற்கு முதலில் பயன்பட்ட "செரியபாணி", 150 பயணிகளுக்கானது.

வரம்புகளும் விமர்சனங்களும்

சிறு கப்பல் என்பதாலேயே அது சூழலுக்கு உகந்ததாகிவிடாது. பயணிகள் குறைவாகவும் ஆளுக்கான இடமும் பணியாளரும் மிகுதியாகவும் இருப்பதால், ஒரு பயணிக்கான எரிபொருள் செலவு பெரிய கப்பல்களைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். மெதுவான வேகமும் குறுகிய தொலைவும் கடைப்பிடிக்கப்பட்டால் மட்டுமே இக்குறை நீங்கும்.

கரையோர மீனவர்களின் மீன்பிடி இடங்களும் கப்பலின் நங்கூர இடமும் ஒன்றாக அமையும்போது முரண்பாடு தோன்றுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. அக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்கின்றன. அவற்றின் வலைகள் கரைக்கு அருகிலேயே விரிக்கப்படுகின்றன. எனவே நங்கூர இடத்தையும் படகு வழியையும் மீனவ ஊர்களுடன் கலந்து முடிவு செய்ய வேண்டியுள்ளது.

அரியாங்குப்பம் முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவதால் மீன்பிடிப் படகுகளே அங்கு அவதியுறுவதுண்டு. கப்பல் போக்குவரத்துக்காக அதனை ஆழப்படுத்தும்போது, அள்ளப்படும் மணல் எங்கே கொட்டப்படுகிறது என்பது முதன்மையானது. அது வடக்கே கரையோரத்தில் கொட்டப்பட்டால் அரிப்புக்குள்ளான ஊர்களுக்கு உதவும். வேறிடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டால் அரிப்பு தொடரும்.